ஒரு கார் அகலம்

அத்தியாயம் பதினேழு

ஆறு மணிக்கு வைத்த அலாரம் அடிக்கும் முன்பே அவள் குளியலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது. வெறும் வயிறு, வெளியே வர ஒன்றும் இல்லை. குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள். திரும்பவும் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

தொடர்கதை படித்துப் பழகியவர்கள் இந்நேரம் விரல் விட்டு நாள் எண்ண ஆரம்பித்திருப்பீர்கள். அந்த நல்ல செய்தி இல்லை. இது பயம். கலப்படமில்லாத, சுத்தமான பயம்.

இத்தனைக்கும் கார் பந்தயத்தில் ஏழு வருடமாக வேலை பார்க்கிறவள். கேரேஜில் எல்லோருக்கும் இன்ஜினீயரம்மா. அண்ணன் ஓட்டும் காருக்கு அவள்தான் ரேஸ் இன்ஜினீயர். பந்தயம் முழுக்க அவன் காதில் ரேடியோவில் கேட்கிற குரல் அவளுடையது. டயரை எப்போது மாற்றுவது, பிரேக் எவ்வளவு சூடு, பின்னால் வருகிறவன் யார், எல்லாம் அவள் சொல்லித்தான் அவனுக்குத் தெரியும். பின்னால் வருகிறவன் பெரும்பாலும் அவள் புருஷன்தான்.

ஆமாம், வீட்டு மாப்பிள்ளை எதிரணியின் முதல் டிரைவர். இந்தக் கல்யாணம் நடக்கும் முன்பே இரண்டு அணிகளும் சேர்ந்து ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிவிட்டன. பந்தய வாரத்தில் புருஷனும் பெண்டாட்டியும் காரைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. நாலு வருடமாக அதைக் காப்பாற்றியும் வருகிறார்கள். அந்த வாரங்களில் அவர்கள் பேசுவதெல்லாம் காயாத துணி, அம்மாவின் மூட்டுவலி, ஒழுகுகிற குழாய். குழாயைப் பற்றி மட்டும் அவர்கள் அளவுக்கு ஆழமாகப் பேசிய தம்பதி வேறு யாரும் இருக்க முடியாது.

போன பந்தயத்தில் நடந்ததை விடாமல் படிப்பவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாக.

அண்ணனும் மாப்பிள்ளையும் சிறுவயதில் கோ-கார்ட் என்னும் குட்டிப் பந்தய வண்டி ஓட்டிய நாளிலிருந்து ஒரு பேச்சு வைத்திருந்தார்கள். வளைவுக்குள் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் நுழைந்தால், ஒருவனுக்கு ஒருவன் ஒரு கார் அகலம் இடம் விட வேண்டும். யார் ஜெயித்தாலும் சரி, அந்த இடம் இருக்கும். பதினெட்டு வருடம் இருந்தது. இரண்டு வாரத்துக்கு முன்னால் இல்லாமல் போயிற்று. இரண்டு கார்களும் இடித்துக்கொண்டன. மாப்பிள்ளையின் கார் டயர்ச் சுவருக்குள் போய்ச் செருகிக்கொண்டது. அண்ணன் உடைந்த காரை இழுத்துக்கொண்டு எப்படியோ கோட்டைத் தாண்டினான். இடித்தவன் அவன்தான் என்று இவன் சொன்னான், இவன்தான் என்று அவன் சொன்னான்.

விசாரணை வைத்தார்கள். ஓட்டுபவன் எந்த நொடியில் ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினான் என்பதைக் கார் தானே பதிவு செய்து வைக்கும். அந்தப் பதிவைக் கொடுங்கள் என்று நடுவர்கள் கேட்டார்கள். இடித்த வேகத்தில் பதிவு அறுந்துவிட்டது என்றார் அண்ணனுடைய அணித் தலைவர். நடுவர்களில் ஒருவர் பக்கத்தில் இருந்த இன்ஜினீயரம்மாவைப் பார்த்து, அப்படியா என்று கேட்டார். ஆமாம் என்று அவள் தலையை ஆட்டினாள்.

பதிவு அவள் மடியில் இருந்த லேப்டாப்பில் பத்திரமாக இருந்தது.

அந்தத் தலையாட்டலில் மாப்பிள்ளைக்குப் பத்துப் புள்ளி போயிற்று. ‘விதியை மீறினார், உண்மைக்கு மாறாகச் சொன்னார்’ என்று தீர்ப்பில் எழுதினார்கள். இன்றைக்குக் கடைசிப் பந்தயம். அண்ணன் மூன்று புள்ளி முன்னால் நிற்கிறான். இரண்டு பேரும் இடித்துக்கொண்டு வெளியேறினால் சாம்பியன் பட்டம் அண்ணனுக்கு.

போன வாரம் அவளைக் கண்டபடி திட்டி எனக்குக் கடிதம் எழுதியவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தப் பதிவைப் பார்த்தபோதுதான் அவளுக்கே விஷயம் தெரிந்தது. அண்ணன் வேண்டுமென்று செய்யவில்லை. கண் ஒரு நொடி பக்கக் கண்ணாடிக்குப் போனபோது கையும் கூடவே போய்விட்டது. அவனுக்கே அது தெரியாது. மாப்பிள்ளைதான் இடித்தான் என்று மனதார நம்புகிறான். ஆக, அண்ணன் பொய் சொல்லவில்லை, மாப்பிள்ளையும் பொய் சொல்லவில்லை. பொய் சொன்ன ஒரே ஆள் குளியலறைத் தரையில் உட்கார்ந்திருக்கிறாள்.

கதவைத் தட்டி, உள்ளே என்ன பண்றே என்று கேட்டான் அவள் புருஷன். வந்துட்டேன் என்றாள்.

அவன் படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தான். ஒரு நாடாவை இழுத்து, அவிழ்த்து, மறுபடி இழுத்தான். எதையும் இரண்டாம் முறை செய்யாதவன். அணியில் அவனுக்கு நிதானம் என்று பெயர்.

“இன்னைக்கு முதல் வளைவுல நான் ஆக்ஸிலரேட்டர்லேர்ந்து காலை எடுக்க மாட்டேன்” என்றான், நாடாவைப் பார்த்துக்கொண்டே.

அவள் கையிலிருந்த துண்டு நழுவியது. கார் பேச்சு கூடாது என்று நினைவுபடுத்தினாள்.

“தெரியும். உங்கிட்ட சொல்லாம போக மனசு வரல. பதினெட்டு வருஷம் இடம் விட்டேன். அன்னைக்கும் விட்டேன். பொய்யன்னு எழுதிட்டாங்க. என்னோட பேருக்குப் பக்கத்துல அது எப்பவும் இருக்கும். இனிமே அந்த இடம் அங்க இருக்காது.”

“அவனும் எடுக்கலைன்னா?”

“எடுப்பான். இடிச்சுப் பட்டம் வாங்கினான்னு பேர் எடுக்க உங்க அண்ணனுக்குப் பிடிக்காது. எனக்குத் தெரியாதா அவனை? கடைசி நொடியில காலை எடுத்துடுவான்.”

அவ்வளவுதான். எழுந்து, குழாய்க்காரனை நாளைக்கு வரச் சொல்லியிருப்பதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டான். விசாரணை நடந்த அன்று மட்டும் ஒரே ஒரு தடவை அவளிடம் பதிவைப் பற்றிக் கேட்டிருந்தான். அறுந்து போச்சு என்று அவள் சொன்னதும் சரி என்றான். அதற்கப்புறம் கேட்கவேயில்லை. அவன் நம்பியதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

*

மைதானத்துக்குப் போகும் வழியெல்லாம் அம்மா பின்சீட்டில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி வந்தார். ஆறு வருடமாக அம்மா பந்தயம் பார்க்க வந்ததில்லை. டிவியில் போட்டாலும் எழுந்து போய்ப் பீரோவை அடுக்குவார். இந்த வீட்டில் பீரோ எப்போதும் ஒழுங்காக இருப்பதற்குக் காரணமே பந்தயக் காலண்டர்தான். இன்றைக்கு அவரே பாஸ் கேட்டு வாங்கிக்கொண்டு வருகிறார்.

“இன்னைக்கு வார் கட்டிப்பாங்களாடி?” என்று கேட்டார்.

அது அம்மா ஆரம்பித்து வைத்த வழக்கம். பையன்களுக்குப் பதினொரு வயது. அப்பா இல்லாத வீடு, பள்ளிக்கூடத்துக் கிளார்க் வேலை. லீவு நாளில் பையனையும், பக்கத்து வீட்டிலிருந்து கூடவே வரும், இன்றைக்கு மாப்பிள்ளையாகிவிட்ட இன்னொரு பையனையும் கார்ட் ஓட்டக் கூட்டிப் போவார். ஒருநாள் அம்மாவின் மூக்குக் கண்ணாடி உடைந்துவிட்டது. ஹெல்மெட்டின் தாடை வாரில் இருக்கும் வளையம் கண்ணுக்குத் தெரியவில்லை. உன் வாரை அவன் கட்டட்டும், அவன் வாரை நீ கட்டு, நல்லா இழுத்துப் பார்த்துக் கட்டுங்க என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னால் அவனுக்கு இவனும் இவனுக்கு அவனும்தான் கட்டினார்கள். எதிரெதிர் அணிகளுக்குப் போன பின்பும் கட்டினார்கள். அதைப் படம் எடுக்கவே ஒரு கூட்டம் கேமராவோடு நிற்கும்.

“தெரியலம்மா” என்றாள் மகள்.

காலையில் நீ ஏன் ஒன்றும் சாப்பிடவில்லை என்று அம்மா கேட்டார். பசிக்கவில்லை என்றாள். அம்மா மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதில் அம்மா கெட்டிக்காரர். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

*

காலைக் கூட்டத்தில் அணித் தலைவர் எதையும் நேராகச் சொல்லவில்லை. எப்போதுமே சொல்ல மாட்டார். பூசி மெழுகுவதில் அவருக்கு இணை கிடையாது. முதல் வளைவைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டிய அவசியமில்லை என்றார். ஜாக்கிரதையாக இருக்க வேண்டியவர்கள் எதிரே இருப்பவர்கள்தான் என்றார். இரண்டு காரும் அந்த வளைவைத் தாண்டாவிட்டால் என்ன ஆகும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும், அதை நான் சொல்லத் தேவையில்லை என்றும் சொன்னார். சொல்லத் தேவையில்லை என்று இரண்டு தடவை சொன்னார்.

அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். “நான் காலை எடுக்கப் போறதில்ல. அவனுக்குப் பட்டம் வேணும்னா ரேஸை முடிச்சாகணும். அவன்தான் எடுப்பான்.”

மற்றவர்கள் தங்கள் காகிதங்களைப் பார்த்தார்கள்.

புருஷன் எடுப்பான் என்று அண்ணன் நம்புகிறான். அண்ணன் எடுப்பான் என்று புருஷன் நம்புகிறான். இரண்டு பேருமே எடுக்கப் போவதில்லை. இது உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். நேர்ப்பாதை முடிகிற இடத்தில் வேகம் மணிக்கு இருநூற்றெண்பது கிலோமீட்டர். இருபது காரில் முதல் வரிசையில் நிற்கிற இரண்டும் இவர்களுடையவை. பின்னால் பதினெட்டு.

கூட்டம் கலைந்ததும் அண்ணனின் அறைக்குப் போனாள். அறை என்று பெயர்தான், ஒரு பெஞ்சும் ஒரு கண்ணாடியும் போட்டால் நிறைந்துவிடும். அவன் ஒரு ரப்பர் பந்தைச் சுவரில் அடித்துப் பிடித்துக்கொண்டிருந்தான். கதவைச் சாத்திவிட்டு நின்றாள்.

“அண்ணா, போன ரேஸ்ல ஒருவேளை உன் கை...”

பந்து அவன் கையில் நின்றது. கோபப்படவில்லை. அவன் கத்தியிருந்தால் அவளும் கத்தி, எல்லாவற்றையும் கொட்டியிருப்பாள்.

“நீ அவன்கூடக் குடும்பம் நடத்தறே. அவன் பக்கம் நினைக்கிறது தப்பில்ல” என்றான். “ஆனா இன்னைக்கு என் காதுல நீதான் இருக்கப் போறே. அங்க எனக்கு ஒரு சந்தேகம்கூட வேணாம். சந்தேகத்தோட அந்த வேகத்துல போனவங்க என்ன ஆனாங்கன்னு உனக்குத் தெரியும்.”

தெரியும். அவள் பார்த்திருக்கிறாள். மனதில் வேறொன்றை வைத்துக்கொண்டு ஓட்டியவனை எப்படித் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று பார்த்திருக்கிறாள். சொல்லாவிட்டால் இரண்டு பேரும் மோதுவார்கள். சொன்னால், சொன்னதையே நினைத்துக்கொண்டு இவன் தவறு செய்யலாம். வந்த வார்த்தையை மென்று விழுங்கிவிட்டு, தண்ணி குடிச்சியா என்று கேட்டுவிட்டு வெளியே வந்தாள்.

வெளியே தலைவர் நின்றுகொண்டிருந்தார். தற்செயலாக நிற்கிறவர் மாதிரி. “அந்தப் பதிவு விஷயம் முடிஞ்சு போச்சு, இல்லம்மா?” என்றார் மிருதுவாக. “தலை ஆட்டினது நீங்க. நான் இல்ல.”

முடிஞ்சு போச்சு சார் என்றாள்.

*

பந்தயத்துக்கு அரைமணி முன்னால் கார்களைத் தள்ளிக்கொண்டு வந்து கோட்டில் நிறுத்தினார்கள். வெயில் தார்ச்சாலையிலிருந்து காலுக்கு ஏறியது. மெக்கானிக்குகள் டயர்களைப் போர்வையால் மூடிச் சூடு குறையாமல் வைத்திருந்தார்கள். அம்மா வேலிக்கு அந்தப் பக்கம், கைப்பையை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தார். கேமராக்காரர்கள் முண்டியடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களும் வாருக்காகத்தான் வந்திருந்தார்கள்.

மாப்பிள்ளை ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு தன் கார் பக்கத்தில் நின்றான். தாடை வார் இரண்டு பக்கமும் தொங்கிக்கொண்டிருந்தது. கட்டாமல் நின்றான். அண்ணன் இருந்த பக்கம் பார்க்கவில்லை, ஆனால் நகரவும் இல்லை. ஒரு நிமிடம் போயிற்று. அவன் காத்திருக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. அத்தனை கோபத்திலும் காத்திருக்கிறான்.

அண்ணன் ஹெல்மெட்டை மாட்டினான். இரண்டு கையையும் தாடைக்குக் கீழே கொண்டுபோய், தன் வாரைத் தானே கட்டிக்கொண்டான். பழக்கமில்லாத கை. வளையத்தில் நுழைக்க மூன்று தடவை ஆயிற்று. கட்டிவிட்டுக் காருக்குள் இறங்கிவிட்டான்.

மாப்பிள்ளை அதைப் பார்த்தான். பிறகு அவனும் தன் வாரைத் தானே கட்டினான்.

வேலிக்கு அந்தப் பக்கம் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். மகளுக்கு ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. போகவில்லை. அம்மா முகத்தைப் பக்கத்தில் பார்க்கும் தைரியம் அவளுக்கு இல்லை.

எல்லோரையும் கோட்டை விட்டு வெளியேறச் சொல்லி மணி அடித்தது. அவள் பாதையோரத்தில் வரிசையாகத் திரைகள் வைத்திருக்கும் தன் மேடைக்குப் போய் உட்கார்ந்து, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள். இடது காதில் அண்ணன். வலது காதில் எதிரணி ரேடியோ. இதில் ரகசியம் ஒன்றும் இல்லை, எல்லா ரேடியோவும் எல்லோருக்கும் கேட்கும். நடுவர்கள் கேட்பார்கள், மற்ற அணிகள் கேட்கும், டிவியில் போட்டால் ஊர் உலகமே கேட்கும். அதனால் அவள் வேலை தவிர வேறு எதையும் அதில் பேசியதில்லை. அண்ணா என்று கூப்பிட்டதுகூட இல்லை. கார் நாலு என்றுதான் கூப்பிடுவாள்.

கார்கள் பந்தயத்துக்கு முந்தைய மெதுவான சுற்றுக்குக் கிளம்பின. டயரைச் சூடாக்கிக்கொண்டு ஒரு சுற்று வந்து, மறுபடி அவரவர் கோட்டில் நிற்க வேண்டும். அந்தச் சுற்றில் டிரைவரோடு பேசக் கூடாது என்பது விதி. ஆபத்து இருந்தால் மட்டும் பேசலாம்.

திரையில் அண்ணனின் கார் வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்தது. பின்னாலேயே புருஷனின் கார். சின்ன வயதில் இப்படித்தான் ஒருவன் பின்னால் ஒருவன் சைக்கிளில் பள்ளிக்கூடம் போவார்கள். பாதிச் சுற்று முடிந்துவிட்டது. அவள் கை ரேடியோ பட்டனுக்குப் போயிற்று, திரும்பி வந்தது. சந்தேகம் வேணாம் என்றானே. முக்கால் சுற்று. தலைவர் பக்கத்து நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

வேலிக்கு மேலே அம்மா தெரிந்தார். இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தார்.

அவள் பட்டனை அழுத்தினாள்.

“அண்ணா. நான்தான் பேசறேன். போன ரேஸ்ல திரும்பினது உன் கை. பதிவு அறுந்து போகல, என்கிட்ட இருக்கு. நான் பொய் சொன்னேன். அவன் உனக்கு ஒரு கார் அகலம் விட்டிருந்தான். இன்னைக்கு அவன் காலை எடுக்க மாட்டான், அண்ணா. நீதான் எடுக்கணும்.”

தலைவர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து அவள் ஹெட்செட்டின் வயரைப் பிடுங்கினார். காது செத்துப்போனது போல் ஆயிற்று. என்ன பண்ணிட்டே, என்ன பண்ணிட்டே என்று அவர் உதடு அசைந்தது.

“ஆபத்து இருந்தா பேசலாம் சார்” என்றாள்.

தலைவரின் முன்னால் இருந்த போன் அலறியது. நடுவர்கள் அறையிலிருந்து. அவர் அதை எடுத்துக்கொண்டு, முகத்தில் ஈயாடாமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் குனிந்து வயரை எடுத்து மறுபடி செருகினாள். இடது காதில் இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டது. அண்ணன் கேட்டானா, பாதிதான் கேட்டானா, எதுவும் தெரியவில்லை.

கார்கள் கோட்டில் வந்து நின்றன. சிவப்பு விளக்கு ஒவ்வொன்றாக எரிந்தது. ஐந்தும் ஒன்றாக அணைந்தன, பந்தயம் தொடங்கிவிட்டது.

அவள் காரைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. தன் திரையில் ஒரு பச்சைக் கோட்டை மட்டும் பார்த்தாள். அண்ணனின் வலது கால் ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு அழுத்துகிறது என்று காட்டும் கோடு. அது உச்சியில் ஒட்டிக்கொண்டு ஓடியது. இருநூறு. இருநூற்று நாற்பது. இரண்டு காரின் சத்தமும் ஒரே சத்தமாகக் கேட்டது, பக்கத்துப் பக்கத்தில்தான் போகிறார்கள். இருநூற்று எழுபது. கோடு உச்சியிலேயே இருந்தது. எடு, எடு என்று வாய்க்குள் சொன்னாள். வளைவு வந்துவிட்டது.

கோடு விழுந்தது.

ஒரு கண் இமைக்கும் நேரம் முன்னதாக, பிரேக் பிடிக்கத் தேவையே இல்லாத இடத்தில், கோடு செங்குத்தாகக் கீழே விழுந்தது. அண்ணன் காலை எடுத்துவிட்டான்.

அப்புறம்தான் நிமிர்ந்து பெரிய திரையைப் பார்த்தாள். அண்ணனின் கார் வெளிப்பக்கமாக ஒதுங்கியிருந்தது. உள்பக்கம் சரியாக ஒரு கார் அகலம் காலியாக இருந்தது. அந்த இடத்துக்குள் புருஷனின் கார், நிறுத்த முடியாத வேகத்தில், பின்சக்கரம் வழுக்கியபடி புகுந்து வெளியே போனது. இடம் இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் எழுத மாட்டேன். அவள் அதைக் காலையிலிருந்து நூறு தடவை பார்த்துவிட்டாள்.

மாப்பிள்ளை முதலாவது, அண்ணன் இரண்டாவது. இப்படியே முடிந்தால் பட்டம் மாப்பிள்ளைக்கு. முதல் சுற்று முடிந்தது. அண்ணன் இனி தன்னோடு பேசவே மாட்டான் என்று நினைத்தாள். இரண்டாம் சுற்றின் நேர்ப்பாதையில் அவன் குரல் வந்தது.

“வாரைத் தப்பாக் கட்டிட்டேன் போல. தாடை எரியுது.”

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “தாங்கிக்கோ. ஐம்பத்தாறு சுத்துதான் பாக்கி.”

“அந்தப் பதிவை நீயே கொண்டுபோய் நடுவருங்ககிட்ட குடு. நான் குடுக்கச் சொன்னேன்னு சொல்லு. யார் தடுத்தாலும் குடு.”

சரிண்ணா என்றாள். தலைவர் போனைப் பொத்திக்கொண்டு அவளைப் பார்த்தார். இந்தத் தடவை அவர் வயரைத் தொடவில்லை.

இரண்டு வாரத்தில் முதல் முறையாக நெஞ்சு நிறைய மூச்சு விட்டாள். அதை முழுசாக விட்டு முடிக்கவில்லை. வலது காதில் எதிரணியின் இன்ஜினீயர் தன் டிரைவரோடு பேச ஆரம்பித்தான். முதல் வளைவில் ஏன் இடம் கிடைத்தது என்று அவள் புருஷன் கேட்டிருப்பான் போல. இன்ஜினீயர் விவரமாகவே சொன்னான். மெதுவான சுற்றில் அவள் பேசியதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னான். பதிவு அவளிடம் இருக்கிறது என்பதையும் சொன்னான். நீ காலை எடுக்க மாட்டாய் என்று அவள் எதிராளிக்குச் சொல்லிவிட்டதையும் சொன்னான்.

அப்புறம் அவள் புருஷனின் குரல் கேட்டது.

“அவளுக்கு எப்பலேர்ந்து தெரியுமாம்?”

அது தெரியாது என்றான் இன்ஜினீயர்.

“கேட்டுச் சொல்லு.”

பத்தடி தள்ளி இருந்த மேடையில் அந்த இன்ஜினீயர் ஒரு காதை விடுவித்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினான். தயக்கத்தோடுதான் திரும்பினான், பாவம். கேள்வியை வாய்விட்டுக் கேட்கவும் இல்லை. அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள் என்று அவனுக்குத் தெரியும்.

இன்னொரு பொய் சொல்லலாம். நேற்றுத்தான் பார்த்தேன் என்று சொல்லலாம். ஓட்டுகிறவன் மனதில் எதையும் போடக் கூடாது, பந்தயம் முடிந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்றுகூடச் சொல்லலாம். அவன் சரி என்பான். நம்புவான்.

“முதல் நாள்லேர்ந்து” என்றாள்.

அந்த இன்ஜினீயர் திரும்பிக்கொண்டான். தன் பதிலையே அவள் வலது காதில் இன்னொருவன் குரலில் கேட்டாள். முதல் நாள்லேர்ந்து தெரியுமாம்.

இன்ஜின் சத்தம் மட்டும் வந்தது, வழக்கத்தைவிட உரக்க. அவள் இடது காதை மறந்தாள், பக்கத்தில் நின்ற தலைவரை மறந்தாள். புருஷனின் பெயருக்கு நேரே ஓடிக்கொண்டிருந்த எண்களை மட்டும் பார்த்தாள். நிதானம் என்று பெயர் வாங்கியவன் அந்தச் சுற்றை, இந்த மைதானத்தில் அதுவரை யாரும் ஓட்டாத வேகத்தில் முடித்தான்.

இன்னும் ஐம்பத்தைந்து சுற்று பாக்கி.